வாசலில் நின்ற சத்தம்

சுருளியம்மாள் புது வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போன முதல் நாள் காலையில் வண்டி போய்விட்டது, வண்டியின் சத்தம் மட்டும் போகாமல் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டது. அவள் தெருமுனை திரும்பிய பிறகும், ஏலக்காய்க் கடைகளைக் கடந்து போடியைவிட்டு வெளியேறிய பிறகும், முந்தல் சோதனைச் சாவடியில் கால் ஊன்றி நின்று மறுபடி கிளம்பிய பிறகும், அவள் கிளம்பிய இடத்தில், கோலத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் தரையின் மேல், நூற்றைம்பது சிசி எஞ்சின் ஒன்று முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் மாறி மாறி உறுமிக்கொண்டிருந்தது.

மாமியார் ஒச்சம்மாள் விளக்குமாற்றை நீட்டி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். விளக்குமாறு எதிலும் இடிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது, சத்தம் அசையவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"அத்தை, வண்டி ஆஃப் ஆயிருச்சு. ஆனா ஓடுது" என்றாள் சுருளியம்மாள்.

"ஆஃபெல்லாம் ஆகலத்தா. இங்க வாசல்ல ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"இங்க நான்ல ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் ஒச்சம்மாள். "பார்த்துப் போ."

அந்த வண்டியை ஏன் வாங்கினாள் என்பதே தெருவுக்கு முதலில் புரியாத விஷயம். மலைமேல் ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அதே தெரு ஈஸ்வரன் ஓட்டிய ஜீப்பில்தான், தோட்டத்துப் பெண்களோடு முழங்காலுக்கு முழங்கால் முட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுத் தூக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினாள். பிறகு ஒருநாள் தேனிக்கு மருந்து எடுக்கப் போனவள், வெட்டுக்கிளியின் முகமும் மீனின் முதுகும் கொண்ட நீல நிற வண்டியொன்றைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்றாள். காலேஜ் பையன்கள் ஓட்டுகிற வண்டி அது. கைப்பிடி தாழ்ந்திருக்கும். ஓட்டுகிறவர் டாங்கின் மேல் கவிழ்ந்து படுத்தபடிதான் ஓட்ட வேண்டும். நாற்பதை நெருங்குகிற பெண்ணுக்கு ஸ்கூட்டிதானே லட்சணம் என்று கேட்டவர்களிடம், ஸ்கூட்டி ஏற்றத்தில் திணறும் என்றாள். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. காரணம் என்னவென்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பின் இருக்கை முன் இருக்கையைவிட ஒரு முழம் உயரத்தில், ஒரு பூஜைத் தட்டின் அகலத்தில் இருந்தது. பூஜை போட்ட அன்று ஒச்சம்மாள் அதில் சேலையோடு ஒருக்களித்து உட்காரப் பார்த்து வழுக்கி இறங்கினாள்.

"யாரத்தா இதுல உக்கார வைக்கச் செஞ்சான்?"

"யாரையும் உக்கார வைக்கக் கூடாதுன்னுதான் அத்தை."

சத்தம் ஏன் தங்கிவிட்டது என்பதற்கும் அந்தப் பூஜையைத்தான் சொன்னார்கள். சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்களில் முன்சக்கரத்துப் பழம் நசுங்கியது, பின்சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு போய்விட்டது, அதனால் வண்டியில் பாதிதான் கிளம்பியிருக்கிறது என்றார் பூசாரி. சாவியை இடது கையால் வாங்கினாள் என்றார்கள் சிலர். புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டக் கூடாது என்று கடைக்காரன் சொன்னதை அவள் கேட்கவில்லை என்றார்கள் சிலர். பத்துப் பதினைந்து நாளில் இந்தப் பேச்சு சலித்துப்போனது. காரணம் எதுவானாலும் சத்தம் வாசலில் இருந்தது, காலையில் அவள் கிளம்பினால் தொடங்கியது, மலையேறி இறங்கி வீடு வந்து அவள் சாவியைத் திருப்பினால் அடங்கியது. தெரு அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மார்கழியில் ஒச்சம்மாள் வண்டியின் நீளத்துக்கு இடம் விட்டுக் கோலம் போட்டாள். காய்கறி வண்டிக்காரர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார், சுற்றாமல் நேராகப் போனால் பல் கூசுகிறது என்றார். எதிர்வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த கலாராணி, எஞ்சின் ஏற்றத்தில் முனகும்போது ஓரம் அடிப்பதும், இறக்கத்தில் தளரும்போது பித்தான் வைப்பதுமாகத் தன் வேலையை அதன் போக்கில் ஓட்டிக்கொண்டாள். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பகலில் தொட்டிலை அங்கே கொண்டுவந்து கட்டினார்கள். யாரோ புகார் கொடுத்து ஒரு போலீஸ்காரர் வந்தார், சத்தத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், நம்பர் பிளேட் இல்லாத எதன் மீதும் வழக்குப் போட முடியாது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். வண்டியின் ஹாரனும் வாசலில்தான் அடித்தது. அடித்தால் தெருவில் இருந்தவர்கள் தாமாக ஓரம் ஒதுங்கினார்கள். மலையின் கொண்டை ஊசி வளைவுகளில், அடித்தும் கேட்காத ஹாரனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சத்தத்துக்கு அர்த்தம் சொல்லத் தொடங்கியவர் ஜீப்பு ஈஸ்வரன். முதுகுவலியால் ஜீப்பை விற்றுவிட்டு வீட்டில் இருந்தார். சுருளியம்மாள் தன் ஜீப்பைவிட்டு இறங்கிப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சத்தத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்ப எட்டாவது வளைவு. எதிர்ல லாரி வருது. ஒதுங்குறா. ஒதுங்கிட்டா" என்பார். ஒரு வாரத்தில் பக்கத்தில் இன்னும் நாலு நாற்காலிகள் சேர்ந்தன. ஒருநாள் பின்சக்கரம் பஞ்சர் என்று சொல்லிவிட்டார். மாலையில் சுருளியம்மாள் உருண்டையான இரண்டு சக்கரங்களோடு வந்து இறங்கினாள்.

"பஞ்சர எங்கத்தா ஒட்டுன?" என்று கேட்டாள் ஒச்சம்மாள்.

"பஞ்சரே ஆகல அத்தை."

"நீ சொல்றத விடு. சத்தம் பொய் சொல்லுமா?"

அதுதான் தெரு செய்த தவறு. எப்போது செய்யத் தொடங்கியது என்று தெருவுக்கே தெரியவில்லை. நேரில் நிற்கிற பெண்ணைவிட வாசலில் நிற்கிற சத்தம் அவர்களுக்கு நம்பகமாகிவிட்டது. சாலையில் மண் சரிந்துகிடந்தது என்று அவள் சொன்னால் திரும்பி ஈஸ்வரன் முகத்தைப் பார்த்தார்கள். காய்ச்சலாக இருக்கிறது என்று சொன்னாலும் பார்த்தார்கள்.

அவள் கணவன் மொக்கராஜ் ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற கடை வைத்திருந்தான். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் ஒரு தடவை பதில் சொல்கிற மனிதன். சத்தத்தைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் நின்று பல் துலக்குவான், அவ்வளவுதான்.

கோடை தொடங்கிய சமயம் சத்தத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. மாலையில் அவள் மலையிறங்கி வருகிற நேரம், நடுவழியில் எங்கேயோ எஞ்சின் நின்றுபோகும். கிட்டத்தட்ட அரைமணி நேரம் தெருவில் ஒன்றுமே கேட்காது. காக்கை கரைவது கேட்கும், குழாயடியில் குடம் நிறைவது கேட்கும், தொட்டிலில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுவது கேட்கும். பிறகு மறுபடி எஞ்சின் தொடங்கும். முதல் நாள் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றார் ஈஸ்வரன். இரண்டாம் நாள் எதுவும் சொல்லவில்லை. பிறகு தினமும் அது நடந்தது. நாள் முழுக்கக் கேட்ட சத்தம் பெரிதில்லை என்றாகி, கேட்காத அந்த அரைமணிக்காகவே நாற்காலிகள் நிறையத் தொடங்கின.

"மலையில ஒரு பொம்பளை தனியா அரைமணி நேரம் எதுக்கு நிப்பா?" என்றார் ஈஸ்வரன். கேள்வி மாதிரி இல்லை, பதில் மாதிரி இருந்தது.

"அழுறதுக்குத்தாண்ணே" என்றாள் கலாராணி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "எனக்கு வண்டி இருந்தா நான் அதுக்குத்தான் நிப்பேன்."

"உனக்கென்னம்மா அழுகை?"

"அதத்தான் வண்டி வாங்கிட்டுப் போய் யோசிக்கணும்."

ஒச்சம்மாள் நேராகவே கேட்டாள்.

"வழியில நிக்கிறியாமே."

"நிக்கிறேன் அத்தை."

"எங்க?"

"வழியிலதான்."

"யாரு கூட?"

"வண்டி கூட."

இந்தப் பதில் அன்றிரவுக்குள் தெருவின் கடைசி வீடுவரை போனது. அங்கிருந்து திரும்பி வரும்போது வேறு பதிலாகி வந்தது. கடைசியில் ஒச்சம்மாள் மகனை அழைத்தாள். வாங்கும்போது வழக்கப்படி ஆம்பளை பெயரில் இருக்கட்டும் என்று வண்டியை மொக்கராஜ் பெயரில்தான் பதிந்திருந்தார்கள். கம்பம் ஊரில் ஒருவன் வண்டி கேட்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருகிறான், நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

"விக்கணுமா?" என்றான் மொக்கராஜ்.

"விக்கணும்."

"விக்கணுமா?"

"அவ எங்க நிக்கிறா, எதுக்கு நிக்கிறான்னு நாலு பேருக்கு நடுவுல சொல்ற மாதிரி ஒரு பதில் கொண்டா. கம்பத்துக்காரன வேணாம்னு சொல்லிர்றேன். இல்லைன்னா வித்துரு."

"வண்டிய வித்தா சத்தம் யாருக்கும்மா? கம்பத்துக்காரன் ஓட்டுறதுதான நம்ம வாசல்ல கேக்கும்."

ஒச்சம்மாள் இதை யோசித்திருக்கவில்லை. நாற்காலியிலிருந்து ஈஸ்வரன்தான் பதில் சொன்னார். "அது பரவால்லப்பா. வேத்து ஆளு சத்தம். நமக்கு என்ன."

சுருளியம்மாளிடம் அவன் இதைச் சொன்னபோது அவள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "வித்துட்டா நான் வேலைக்குப் போகலீங்க" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. "ஜீப்புலயும் போகல, பஸ்லயும் போகல. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிறேன். எவனோ கம்பத்துக்காரன் எந்த வளைவுல திரும்புறான்னு நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்." துணியில் கையைத் துடைத்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அப்படி ஒரு முகத்தோடு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி அரை நாள். மொக்கராஜ் கடையைப் பூட்டிவிட்டு மதிய பஸ்ஸில் மலைக்குப் போனான், அவளோடு வண்டியில் திரும்பி வருவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரி வாசலில் அவள் துப்பட்டாவை இறுக்கி முடிச்சிட்டு, ஹெல்மெட் மாட்டி, டாங்கின் மேல் கவிழ்ந்தாள். அவன் அந்தத் தட்டளவு இருக்கையில் ஏறினான். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பகலில், சாலையில், நாலு பேர் பார்க்க மனைவியின் தோளைப் பிடிப்பது அவனுக்கு அதுவே முதல் தடவை.

அவள் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்தது. இத்தனை மாதம் பல் துலக்கிய இடத்தில் கேட்ட அந்த உறுமலில் ஒரு துளிகூட இங்கே இல்லாததால், தான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவன் குனிந்து பார்த்தான். சாலை ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தோட்டத்து வீட்டில் யாரோ டம்ளரைக் கீழே வைப்பது கேட்டது. ஓடைத் தண்ணீர் கல்லில் மோதுவது கேட்டது. மனைவியின் முதுகுக்குள் மூச்சு போய் வருவதுகூடக் கேட்டது. மலை முழுக்க இவ்வளவு சின்னச் சின்னச் சத்தங்கள் இருக்க, அவை எல்லாவற்றையும் மூடுகிற ஒரே சத்தத்தைத் தன் வீட்டு வாசல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். அது நன்மையா தீமையா என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே முதல் வளைவு வந்தது. அவள் பாடத் தொடங்கினாள்.

"பாரா...சிட்டமால்... பாராசிட்டமால்..." என்று அடிவயிற்றிலிருந்து, மலையில் மோதித் திரும்பும்படி, ராகம் இழுத்துப் பாடினாள். அடுத்த வளைவில் "அமாக்சி...சிலின்" என்றாள். அதற்கடுத்த வளைவில் ஒரு இருமல் மருந்தின் பெயரை ஏற்றியும் இறக்கியும் பாடினாள். எதிரே வந்த ஜீப்புகள் ஓரங்கட்டி நின்று வழிவிட்டன. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மருந்தக்கா, இன்னைக்குப் பின்னால யாரு?" என்று கேட்டான்.

"வீட்டுக்காரர்!" என்று கத்தினாள் அவள்.

"அண்ணே, கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

ஹாரன் கேட்காத வண்டிக்காக அவள் தன் குரலை ஹாரனாக்கியிருக்கிறாள் என்பது மொக்கராஜுக்கு மெதுவாகப் புரிந்தது. வீட்டில் அவள் உப்பு வேண்டுமா என்று கேட்பதே பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். இந்தக் குரல் இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

ஒரு வளைவில் அவள் வண்டியை ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினாள்.

"இங்கதானா?"

"இங்கதான்."

அவன் இறங்கிச் சுற்றிலும் பார்த்தான். வெள்ளையடித்த தடுப்புச் சுவர் இருந்தது. அதன்மேல் ஒரு குரங்கு இருந்தது. வெகு கீழே வெயிலில் போடி கிடந்தது. சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். புல் இருந்தது.

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லைங்க." ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் வைத்தாள். "மொதல்ல நான் எங்கயும் நின்னதே இல்ல. நேரா வீட்டுக்குத்தான் வருவேன். ஒருநாள் வந்து எறங்குனதும் அத்தை கேட்டாங்க, பத்தாவது வளைவுல எதுக்குத்தா திடீர்னு பிரேக்கு போட்டேன்னு. ஒரு மலையணில் குறுக்க வந்துச்சு. வாலு இவ்வளவு நீளம். நடுரோட்டுல நின்னு என்னையப் பார்த்துச்சு. அத நான் யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கணும்னு நெனச்சிருந்தேன். கேட்டதும் சொல்லிட்டேன். சொன்னதும் அது தெருவோட அணிலாப் போச்சு. மறுநாள் வரும்போது சும்மா சாவியத் திருப்பிப் பார்த்தேன்."

அவன் வண்டியிலேயே தொங்கிய சாவியைப் பார்த்தான்.

"வண்டி நின்னுட்டா வாசல்ல ஒண்ணும் கேக்காதுல்ல. அந்த நேரம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாது. சில நாள் எனக்கே தெரியாது. அதுக்குத்தான் நிக்கிறேன்."

"இப்ப நான் இருக்கேனே" என்றான் மொக்கராஜ்.

"இப்ப நீங்க இருக்கீங்க."

அது குறையா, வெறும் பதிலா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்திலிருந்தும் தெரியவில்லை. சுவரில் உட்கார்ந்தான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். அணில் என்று சொன்னால் சிரிப்பாள். அவளுக்கே தெரியாது என்று சொன்னால் நாளைக்குக் கையெழுத்துதான்.

"ஒரு சாமி இருக்கு, கும்பிட நிக்கிறேன்னு சொல்லிரலாமா?"

"சொன்னீங்கன்னா வர்ற வெள்ளிக்கிழமை தெரு மொத்தமும் இங்க பொங்கப் பானையோட நிக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் கண்கள் சாலையின் மேல்பக்கம் போய் அங்கேயே நின்றன. அரைமணியில் பாதி போய்விட்டது, தன்னால் போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"நீ வேணா போயிட்டு வா" என்றான். "நான் இங்க இருக்கேன்."

"எங்க போக?"

"எங்கயாச்சும். எங்கிட்டயும் சொல்லாத."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஏற்றத்தில் போனாள். வளைவுக்கு அப்பால் ஏதோ மாத்திரையின் பெயர் ஒருமுறை கேட்டது, இன்னும் மேலே இன்னொரு பெயர் பாதி கேட்டது, அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மொக்கராஜ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவள் வேகமாகப் போகிறாளா, மெதுவாகப் போகிறாளா, நின்றுவிட்டாளா, இனி வரமாட்டாளா, எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் அது கீழே, அந்த வெயிலில் கிடக்கிற ஊரில், தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். பயம் போலவும் இருந்தது, பயம் இல்லை போலவும் இருந்தது.

போன் அடித்தது.

"டேய், எங்கடா இருக்க?" என்றாள் ஒச்சம்மாள்.

"வண்டியிலதாம்மா."

"ஈஸ்வரன் வேற மாதிரி சொல்றான். சத்தம் லேசாயிருச்சாம், பின்னால ஆளே இல்லையாம். எறங்கி வர வேண்டிய வண்டி ஏறிப் போகுதாம். உன்னைய எறக்கி விட்டுட்டாளா? அவ எங்க?"

மொக்கராஜ் கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவில்லை. "முன்னாலதாம்மா இருக்கா. நான் பின்னால உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஈஸ்வரனின் குரல் கேட்டது. "காத்து கேக்குதான்னு பாருங்க மதினி. வண்டியில போனா போன்ல காத்து அடிக்கும்."

"காத்தே கேக்கலையேடா" என்றாள் ஒச்சம்மாள்.

"இரும்மா. இப்பக் கேக்கும்."

அவன் போனை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் போன ஏற்றத்தில் ஓடத் தொடங்கினான். கடைக்கல்லாவில் உட்கார்ந்தே தொப்பை போட்ட உடம்பு அது. வேட்டி காலைத் தட்டியது. சுவரிலிருந்த குரங்கு திரும்பிப் பார்த்தது.

"கேக்குதா?"

"எதுடா?"

"காத்தும்மா! காத்து!"

"லேசாக் கேக்குது. ஏண்டா மூச்சு வாங்குது?"

"வளைவும்மா. வளைவுல... அப்படித்தான் இருக்கும்."

"அவ எங்க நிக்கிறான்னு பார்த்தியா இல்லையா? கம்பத்துக்காரனுக்கு என்ன சொல்ல?"

"பார்த்துட்டேன். வேணாம்னு சொல்லிரு. வண்டி... விக்கிறதுக்கு இல்ல."

ஒச்சம்மாள் போனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ பேசினாள். தெருவே பேசியது. பிறகு மறுபடி அவள் குரல் கேட்டது, "காத்து பத்தலைங்குறாண்டா ஈஸ்வரன். வண்டின்னா இன்னும் அடிக்கணுமாம்."

மொக்கராஜ் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினான்.